வேலை போனாலும் வீடு இருக்கு!

(தலைப்பு: வேலை இழந்தவரை மீண்டும் எழ வைப்பது பெரிதும் தன்னம்பிக்கையே! குடும்பமே! - ‘குடும்பமே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! தன்னம்பிக்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய எதிரணி நண்பர்களே! தாய்மார்களே! பெரியோர்களே!

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டார். ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்றார். இருக்கிறது ஐயா, 63-ஆவது அதிகாரம். அதற்குப் பத்து அதிகாரம் முன்னாலேயே, 53-ஆவதாக, ‘சுற்றந்தழால்’ இருக்கிறதே, அதை ஏன் விட்டீங்க? அதையும் அவர் அறத்துப்பாலில் வைக்கலே, பொருட்பாலில் வைத்தார்! சுற்றமும் ஒரு சொத்து என்று அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. (கைதட்டல்)

வேலை போவது சோம்பேறிக்குக் கிடைக்கிற தண்டனை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 2006-ல் நோக்கியா ஆலையில் உற்பத்தி தொடங்கியது. ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அந்தத் தொழிலாளி என்னய்யா தப்புப் பண்ணினான்? ஷிப்டுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி போய் நின்னவன் அவன்! வரி வழக்கு, கைமாறும் கம்பெனி, லாப நஷ்டக் கணக்கு என்று எங்கேயோ நடந்ததுக்கு இவன் வீட்டு உலை அணைஞ்சது. அவனைப் பார்த்து ‘தன்னம்பிக்கை வை’ என்பது, கால் ஒடிஞ்சவனைப் பார்த்து ‘நல்லா நட’ என்பது மாதிரி. முதலில் தோள் கொடுங்கய்யா, அப்புறம் நடப்பான்!

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருத்தர். வேலை போய் 22 நாள், வீட்டில் மூச்சு விடலே. காலையில் அதே நேரத்துக்கு டிபன் பாக்ஸோட கிளம்புவார், பார்க்கில் உட்கார்ந்து சாப்பிடுவார், சாயங்காலம் களைச்ச மாதிரி வருவார். சும்மா இருக்கிறவன் களைச்ச மாதிரி நடிக்கிறதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை! (சிரிப்பு) 23-ஆம் நாள் அந்த அம்மா டிபன் பாக்ஸை நீட்டிச் சொன்னாங்களாம்: “இன்னிக்குப் பார்க்குக்கு நானும் வரட்டுமா?” அவங்களுக்குப் பத்து நாளாவே தெரியும். திட்டலே, அழலே. அந்த மனுஷன் வாசல்படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நண்பர்களே, அந்த 22 நாளும் அவரிடம் இருந்தது உங்கள் தன்னம்பிக்கைதான். 23-ஆம் நாள் வந்தது எங்கள் குடும்பம்!

அன்னிக்கு ராத்திரி புருஷனும் பொண்டாட்டியும் கணக்கு நோட்டை எடுத்தார்கள். கம்பெனியில் வரவேண்டியது எவ்வளவு? ஐந்து வருஷம் தாண்டிய நிரந்தரத் தொழிலாளிக்குக் கிராஜுவிட்டி உண்டே, கேட்டாச்சா? அனுபவச் சான்றிதழ், பணிவிடுப்புக் கடிதம் கைக்கு வந்தாச்சா? பி.எஃப். பணத்தை எடுத்துக் கரைக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாமா? கையிருப்பு எத்தனை மாசம் தாங்கும்? கேபிள், சீட்டு, பால் என்று எதைக் குறைக்கலாம்? பயம் இருட்டில்தான் பேயாக நிற்கும். நோட்டில் எழுதிட்டா அது வெறும் தொகை!

அடுத்து பயோடேட்டா. இவர் ‘மெஷின் ஆபரேட்டர், 11 வருஷம்’னு ஒரே வரி எழுதி வைத்தார். அந்த அம்மா கேட்டாங்க: “புதுசா வந்த பையன்களுக்கு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? மெஷின் நின்னா ராத்திரியில் உங்களைத்தானே கூப்பிட்டாங்க? அதையெல்லாம் ஏன் எழுதலே?” தன் அருமை தனக்குத் தெரியாதுங்க, கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்! வேலைவாய்ப்பு முகாமுக்கும் போனார், பேப்பர் விளம்பரமும் பார்த்தார். கடைசியில் வேலை எங்கே கிடைத்தது? மச்சினனுடைய சிநேகிதன் பட்டறையில். சம்பளம் குறைவுதான். எட்டாம் மாசம் அங்கிருந்தே நல்ல கம்பெனிக்குப் போனார். வேலை காலி என்கிற செய்தி பேப்பருக்கு வருமுன்னே டீக்கடைக்கு வந்துடும். வேலை போனதை மறைக்கிறவனுக்கு அந்தச் செய்தியை யார் சொல்லுவா?

“கண்ணகி சிலம்பைக் கொடுத்தும் கோவலன் என்ன ஆனான்?” என்று எதிரணியில் கேட்பார்கள். அவனும் முதலை இழந்து, புதுத் தொழில் தேடி மதுரைக்கு வந்தவன்தான். புகாரிலிருந்து மதுரை எல்லை வரை மனைவியோடு நடந்து வந்தான், பத்திரமாக வந்தான். கடைவீதிக்கு மட்டும் தனியாகப் போனான்! (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, கடைசியாக ஒன்று. வேலை போனவரிடம் தினமும் ‘இன்னிக்கு ஏதாவது கிடைச்சுதா?’ என்று கேட்காதீங்க. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்க. ஆண்களே, உங்க வீட்டுப் பெண்ணுக்கு வேலை போனால் ‘வீட்டு வேலை பார்க்க ஆள் கிடைச்சாச்சு’ என்று நினைக்காதீங்க. அவளுக்கும் அதே மரியாதை, அதே தேடல் உண்டு.

நோக்கியா ஆலை இருந்த இடத்தை வாங்குவதாக 2019-ல் சால்காம்ப் என்ற நிறுவனம் அறிவித்தது. பிறகு அங்கே செல்போன் சார்ஜர் தயாராக ஆரம்பித்தது. பூட்டிய கதவு திறக்க ஐந்தாறு வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் மனுஷன் ஒதுங்கி நிற்க ஒரு திண்ணை வேணும். அந்தத் திண்ணை குடும்பம்தான். தன்னம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது முளைக்கிற மண் குடும்பம் என்கிறேன். எனவே, குடும்பமே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.