மறதியும் மூளைப் படமும்



வெள்ளிதோறும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குத் தனியே சென்று வருபவர் என் பாட்டியார். ஒருநாள் வீடு திரும்பும் வழி தெரியாமல் தெருவிலே நின்றுவிட்டார். “வயது போனால் மறதி வரத்தானே செய்யும்” என்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

1906ஆம் ஆண்டிலே, மறதிநோயுற்று இறந்த ஒரு மாதின் மூளையை ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். அங்கே படிவுகளையும் முறுக்குண்ட இழைகளையும் கண்டார். அவை அமிலொயிட், டௌ என்னும் புரதங்கள் எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் நெடுங்காலம், இறந்தவர் மூளையிலேதான் அவற்றைத் திட்டமாகக் காண முடிந்தது.

2002இல் சுவீடன் தேசத்து உப்சாலா நகரிலே அந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் க்ளங்க், மதிஸ் என்னும் அறிஞர்கள் ஆக்கிய பொருளை ஒரு நோயாளியின் இரத்தத்தில் ஏற்றிப் படம் பிடித்தனர். அப்பொருள் மூளையை அடைந்து அமிலொயிட்டைப் பற்றிக்கொள்ளும். அதிலுள்ள கதிரியக்கக் காபன் படிவு இருக்குமிடத்தைக் கருவிக்கு உணர்த்தும். அக்காபன் 20 நிமிடங்களில் பாதியாகிவிடும். 110 நிமிடங்களில் பாதியாகும் புளோரீனைப் பிற்காலத்தில் பயன்படுத்தலாயினர்.

இப்படங்கள் உணர்த்திய உண்மை யாது? மறதி தலைகாட்டுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே படிவு தொடங்கிவிடுகிறது! எனினும், படிவுடையோர் யாவரும் நோயாளரல்லர். படம் மட்டுமே தீர்ப்பாகாது.

நண்பர்களே, அப்படம் எல்லார்க்கும் எட்டுவதன்று. வைத்தியரிடம் அழைத்துச் செல்வதோ எவர்க்கும் எட்டும். விற்றமின் பி12 குறைவாலும் தைரொயிட் சுரப்புக் குறைவாலும் வரும் மறதி சிகிச்சையால் தணியக்கூடும். ஆகவே, வீட்டு முதியவர் வழி தவறினால் சிரியாதீர்கள். கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். அன்று நாங்கள் செய்யத் தவறியது அதுவே.