வாளை வணங்கினர்; உலையை மறந்தனர்



வாள் என்றவுடன் அரசன் நம் கண்முன் நிற்கிறான். அவ்வாளை வடித்த கொல்லனோ, கொல்லனுக்கு இரும்பு ஈந்த உலைக்களத்தானோ நம் நினைவிற்கு வருவதில்லை. இம்மறதியால் நேரும் இழப்பைக் கெமர் மக்கள் வாழும் கம்போடிய நாட்டினின்று எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

அந்நாட்டில் அரசுரிமைக்கு அடையாளம் ஒரு வாள். 'பிரா கான்', அஃதாவது திருவாள் என்பது அதன் பெயர். 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு அங்கோர் நகருக்குச் சென்ற சௌ தாகுவான், அரசன் யானைமேல் நின்று அவ்வாளேந்தி உலாவந்ததை எழுதியுள்ளார். முன்னை அரசனின் மகள் பொன்வாளைக் கவர்ந்து கணவனிடம் கொடுக்க, அரியணையும் அவன்பாற் சென்றது என்கிறார். வாள் எவன் கையிலோ அவனே வேந்தன்! ஏழாம் செயவர்மன் எடுப்பித்த பெருங்கோயிலொன்றும் இப்பெயரே பூண்டுள்ளது. அதன் கல்வெட்டு 1191-ஆம் ஆண்டினது.

இனி, இரும்புக்கு வருவோம். அங்கோர்க் கோயில்களில் கல்லைக் கல்லோடு பிணைத்தவையும் இரும்புப் பிணிப்புகளே. அந்நாட்டின் பெயர்பெற்ற இரும்பு நிலம் 'பினோம் தெக்'. கெமர் மொழியில் பினோம் என்பது மலை. தெக் என்பது இரும்பு. அங்கே உலைமூட்டியோர் குய் என்னும் சிறுபான்மை இனத்தார். களிமண் உலையில் இரும்புக்கல்லையும் மரக்கரியையும் இட்டு, வரிசையாய்ப் பதித்த ஊதுகுழல்கள் வழியே துருத்தியாற் காற்றூதுவர். கசடு உருகி வழியும். இரும்போ உருகாமல் கட்டியாய்த் திரளும். அதனை அடித்து அடித்துத் தூய்மை செய்வர். உலைகாக்கும் ஆவிகட்குப் படையலிட்டே தொழில் தொடங்குவர்.

உடன்பிறப்புகளே! திருவாளின் பெயரிலுள்ள 'கான்' வடசொல்லின் திரிபு. இரும்புமலையின் பெயரோ அம்மண்ணின் சொல். அரண்மனைச் சொல் இரவலாயிற்று. உழைப்போர் சொல் தாய்மொழியாகவே நின்றது!

முடிவு என்ன? வழிவழியாய் அரண்மனையிற் காத்த திருவாள், 1970-இல் நேர்ந்த ஆட்சிக் கவிழ்ப்பிற்குப்பின் கண்ணிற் படவில்லை. அதற்கு முன்னரே, அயல்நாட்டு மலிவிரும்பு வந்து குவிந்தமையால், குய் மக்களின் உலைகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவிந்துவிட்டன. வாள் போனதற்கு வருந்தியோர் பலர். உலை அவிந்ததற்கு வருந்தியோர் எத்துணைப் பேர்?

எஞ்சியது யாது? 'பிக்காக்' என்னும் வளைபிடிக் கத்தி. அங்கோர் வாட்டின் சுவர்ச் செதுக்கல்களில் மறவர் தோளிற் கிடப்பது அது; இன்றும் உழவர் தோளிற் கிடக்கிறது. ஆயின், சிற்றூர்க் கொல்லர் அதனை வடிப்பது பழஞ் சரக்குந்துகளின் வில்பட்டையில்! வடிவம் தமது; இரும்பு பிறரது.

கைத்திறனும் மொழி போன்றதே. போற்றிப் பூட்டிவைத்தால் வாழாது. நாளும் புழங்கினாலே வாழும். வாளை வணங்குவோர் உலையையும் காக்க வேண்டும். உலை அவிந்தபின் வாளுக்குப் பாடும் புகழ் வெறும் ஒப்பாரியே!