அரக்கனுக்குள் ஒரு மனம்

முருகன் சூரபத்மனைக் கொன்றானா? இல்லை. மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயிலானது, மறுபாதி சேவலானது. ஆணவம் அழியவில்லை, வாகனமாகவும் கொடியாகவும் மாறியது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கும் பினாங்குத் தமிழருக்கு இது பாட்டி சொன்ன கதை. கணினி விளையாட்டு உருவாக்க விரும்பும் இளைஞருக்கு இதுவே முதல் பாடம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அதை ஒட்டி வளர்ந்த ஊர் பாயான் பாரு. மின்னணுப் பாகங்கள் இங்கிருந்து உலகமெங்கும் போகின்றன. கருவியை இங்கே செய்துவிட்டு, அதில் ஓடும் கதையை மட்டும் ஏன் வெளியிலிருந்து வாங்க வேண்டும்?

வாங்கத் தேவையில்லை என்று காட்டியது கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம். வான் ஹஸ்மரும் டைம் ஜியாவுதீனும் தொடங்கிய அந்தச் சிறு நிறுவனம் 2020-இல் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. அதில் வரும் எதிரிகளைப் பாருங்கள். ஒருவன் அண்டமே தன்னைச் சுற்றுவதாக நினைக்கும் இசைக்கலைஞன். அவன் மேடையில் கோள்கள் சுழல்கின்றன. யினு என்ற சிறுமி பியானோ மேதை. அவளுக்காகப் பூதாகரமாக எழுந்து தாக்குபவள் பெற்ற தாய். நாயகனின் சொந்த அண்ணனோ வாயாங் கூலிட் பாணி நிழலுருவங்களை ஏவி, மலாய் மொழியில் பாடிச் சண்டைக்கு வருகிறான். அகந்தை, எல்லை மீறிய பாசம், உடன்பிறப்பின் மனக்கசப்பு. மனிதன் ஏற்க மறுக்கும் தன் மறுபக்கத்தை உளவியலாளர் யுங் 'நிழல்' என்றுதான் அழைத்தார்.

கொம்பும் கோரைப்பல்லும் வரைவது எளிது. அந்த அரக்கன் பத்தே நிமிடத்தில் மறந்துபோவான். முதலில் உணர்ச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அதற்கேற்ற உடல், நடை, கடைசியில் பலவீனம். எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளையிடம், "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அரக்கனுக்குப் பக்கத்து வீட்டுப் பையனின் முகம் இருக்கும். பார்க்கப் பார்க்க வளர்வான். தன் வேலையில் கண் வைத்தால் சுருங்குவான். இவனை வாளால் வெட்ட முடியாது. விளையாடுபவர் அதைத் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மனநோயாளியையே பேயாக வரைவது பாவம். இங்கிலாந்தின் நிஞ்சா தியரி நிறுவனம் 2017-இல் 'ஹெல்பிளேட்' வெளியிட்டது. காதில் குரல்கள் கேட்கும் பெண்ணே அதன் நாயகி. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பால் ஃபிளெட்சரிடமும், அந்த வேதனையை அனுபவித்தவர்களிடமும் கேட்டறிந்துதான் அதை உருவாக்கினார்கள். நோயாளி அங்கே அரக்கி அல்ல, வீராங்கனை.

மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023-இல்தான் நீக்கியது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் பல வீடுகளில் மனச்சோர்வுக்கு இன்னும் 'பைத்தியம்' என்றுதான் பெயர். அதனால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை அரக்கனாக வரைந்து காட்டலாம். அப்போது, "என்ன கண்றாவி இது?" என்று கேட்காமல், "இவன் யார்?" என்று பெற்றோர் கேட்கட்டும்.

வேலுக்கு ஞானம் என்று பொருள் சொல்வார்கள். சூரனை மயிலாக்கியது அதுதான்.