சின்னாளபட்டிக்கு வந்த மதுரை மருத்துவர்

வாழ்க்கைத் துணையை இழந்தவர்கள் நகரத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கிராமத்தில் போய்த் தங்க விரும்புவது புதிதன்று. வைகைக் கரையில் வயலும் தோப்புமாக இருந்து, இன்று மதுரை மாநகரோடு கலந்துவிட்ட கோச்சடை போன்ற பகுதிகளின் முதியவர்களிடமும், பூர்வீக ஊருக்கே போய்விடலாம் என்ற பேச்சைக் கேட்க முடியும். இந்த விருப்பத்தில் கிராமம் என்பது நிழலும் ஓய்வும் தரும் இடமாகவே கருதப்படுகிறது. கோச்சடையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், திண்டுக்கல் செல்லும் வழியில், சிறுமலை அடிவாரத்தில் அமைந்த காந்திகிராமம் என்ற கிராமப் பணி நிறுவனத்தின் வரலாற்றிலோ ஓய்வுக்கு இடமே இல்லை.

அந்நிறுவனத்தை உருவாக்கிய டாக்டர் டி. எஸ். சௌந்தரம், பேருந்துத் தொழிலால் பெயர் பெற்ற மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904இல் பிறந்த அவர், அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, மருத்துவரான கணவரை இளமையிலேயே பிளேக் நோய்க்குப் பறிகொடுத்தார். கைம்பெண் மறுமணத்துக்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருந்தபோதிலும், உயர்சாதிக் குடும்பங்களில் கைம்மை என்பது, உடையிலும் உணவிலும் விதிக்கப்பட்ட தடைகளோடு, சுப காரியங்களிலிருந்து ஒதுக்கப்பட்டு, ஆயுள் முழுவதும் கழிக்க வேண்டிய ஒரு நிலையாகவே நீடித்தது. அதற்குள் முடங்கிவிடாமல், பெற்றோர் தந்த ஊக்கத்தால் படிப்பைத் தொடர்ந்த சௌந்தரம், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 1936இல் பட்டம் பெற்றார். அங்கு உடன் பயின்ற சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் வட்டத்துக்குள் வந்து, கேரளத்தைச் சேர்ந்த ஜி. இராமச்சந்திரனை 1940இல், சாதி வேறுபாட்டைக் கடந்து, காந்தியின் ஆசியுடன் மறுமணம் செய்துகொண்டார். ஆகவே, துயரத்தை மறக்கக் கிராமத்துக்கு ஓடி வந்தவர் என்று அவரைச் சித்திரிப்பது பொருந்தாது. அவருக்கு முதல் ஊன்றுகோலாக இருந்தது பாடப்புத்தகம்தான்.

கிராமத்துக்கு அவரை அழைத்து வந்தது மற்றொருவரின் துணை இழப்பு. காந்தியடிகளுடன் ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்த கஸ்தூர்பா, அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இல்லறத்துக்குப் பின், 1944 பிப்ரவரி 22 அன்று காவலிலேயே காலமானார். அவர் நினைவாக, காந்தியின் 75ஆம் பிறந்தநாளை ஒட்டி, 75 இலட்சம் ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டபோது, அந்த நிதி கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே பயன்பட வேண்டும் என்பதில் காந்தி உறுதியாக இருந்தார். மனைவியின் பெயரில் மண்டபம் எழுப்பாமல் பேறுகாலப் பணிக்குப் பணம் ஒதுக்கிய கணவர்கள் அன்றும் அரிது, இன்றும் அரிது. இதற்கென உருவான கஸ்தூர்பா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பிரதிநிதியாகச் சௌந்தரம் நியமிக்கப்பட்டார்.

கைத்தறி நெசவாளர்கள் நிறைந்த சின்னாளபட்டியில் ஒரு சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கிய அவருடைய பணி, 1947 அக்டோபர் 7 அன்று காந்திகிராமமாக விரிந்தது. கிராம சேவிகாக்கள், அதாவது தாய்சேய் நலமும் சுகாதாரமும் கற்றுக் கிராமத்திலேயே தங்கிப் பணியாற்றும் பெண்கள், அங்கு உருவாக்கப்பட்டனர். ஏட்டுப் பாடத்தை நூற்பு, உழவு முதலிய கைத்தொழில்களின் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியும் அங்கு நடைபெற்றது. 1956இல் உருவான கிராமிய உயர்கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. 1962இல் மக்களவை உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்த சௌந்தரம், 1984இல் மறைந்தார். அவர் நிறுவிய கஸ்தூர்பா மருத்துவமனை இன்றும் இயங்கி வருகிறது.

இவ்வரலாற்றைப் போற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலும் மரியாதையும் கையில் கொண்டு வெளியூரிலிருந்து வந்த மருத்துவரைக் கிராமம் அவருடைய பழைய இழப்பைக் கொண்டு அளக்கவில்லை. 'டாக்டரம்மா' என்றுதான் அறிந்தது. அதே கிராமத்தில் பிறந்து, அங்கேயே கணவனை இழந்த பெண்ணுக்கோ, ஒவ்வொரு திண்ணையும் அவளுடைய நிலையை நினைவூட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது கிராமத்தின் அமைதியன்று, கையில் ஒரு தொழிலும் அத்தொழிலின் பெயரால் பிறர் வீட்டு வாசலில் உரிமையோடு நுழையும் தகுதியும். மருத்துவமனைக் கட்டடத்தைவிடச் கிராம சேவிகா பயிற்சியைப் பெரிதாக மதிப்பிடுவதற்கு இதுவே காரணம்.