மெட்டல் கேட்க எந்த ஹெட்போன்?

போன எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். "அண்ணா, மெட்டல் கேட்க மூவாயிரத்துக்குள்ள நல்லா பேஸ் அடிக்கிற ஹெட்போன் ஒண்ணு சொல்லுங்க." அவ்வளவுதான் மெயில். ரெண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்த "நல்லா பேஸ் அடிக்கிற"ங்கிற இடத்தில் கை நின்னுடுச்சு. முதல் வேலையில் சேர்ந்தப்ப நானும் கடையில் போய் இதையேதான் கேட்டேன். இதே வார்த்தை. அதனால இன்னைக்கு எபிசோடே அவருக்கான பதில்தான்.

முதல்ல மெட்டல் பாட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். வழக்கமான ட்யூனிங்கில் கிடாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் அடிக்கம்பி அதில் பாதி, 41. மெஷுகா மாதிரி எட்டுக் கம்பி கிடார் வாசிக்கிறவங்க கிடாரையே 44 பக்கம் இறக்கிடறாங்க. அதாவது பேஸ் கிடார் குடியிருக்கிற அறைக்குள்ளயே கிடாரும் வந்து பாய் விரிச்சுடுது. கூடவே டபுள் பேஸ் ட்ரம். 200 பிபிஎம் வேகத்தில், ஒரு பீட்டுக்கு நாலு உதை போட்டா, செகண்டுக்கு 13 உதை. ஒரு உதைக்கும் அடுத்ததுக்கும் இடையில் 75 மில்லிசெகண்ட். அதுக்குள்ள முந்தின உதை அடங்கலைன்னா, எல்லாம் ஒட்டிக்கிட்டு மிக்ஸியில் தேங்காய் போட்ட மாதிரி ஒரே 'கொர்ர்'னு கேட்கும்.

அந்த உதைகளை நம்ம காதுக்குத் தனித்தனியா பிரிச்சுக் காட்டுறது அடியில் வர்ற 'டம்' இல்லை. பெடலோட சுத்தி ட்ரம் தோலில் படும்போது வர்ற 'டிக்'. அது சுமார் 3000-லிருந்து 5000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இப்ப, பெட்டி மேல 'எக்ஸ்ட்ரா பேஸ்' மாதிரி ஏதாவது எழுதி விற்கிற மலிவான ஹெட்போனை எடுத்துக்குங்க. பல மாடல்களில் அந்த வீக்கம் 60 ஹெர்ட்ஸோட நிற்காது. 200, 300 வரைக்கும் ஏறிடும். கிடாரில் உள்ளங்கையை வெச்சு அமுக்கி வாசிக்கிற 'ஜக் ஜக்' அங்கதான் இருக்கு. தாழ்ந்த சத்தம் பெருசா இருந்தா தனக்கு மேல இருக்கிற சத்தத்தை மறைக்கும். அது நம்ம காதோட இயல்பு. அப்ப 'டிக்' கேட்கலைன்னு நாம என்ன பண்ணுவோம்? வால்யூமை ஏத்துவோம்.

நான் ஏத்தினேன். ஓஎம்ஆர்ல காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பஸ். ஜன்னல் திறந்த பஸ்ஸுக்குள்ள ஒருநாள் போன் ஆப்பில் அளந்தேன், 78 டெசிபல் காட்டுச்சு. அந்த ஆப் துல்லியமானது கிடையாது, ஆனா கணக்குக்குப் போதும். அந்த இரைச்சலுக்கு மேல பாட்டு தெளிவா கேட்கணும்னா 90 பக்கம் போகணும். 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 80 டெசிபல்னா 40 மணி நேரம். நான் 90-ல் வாரத்துக்கு 15 மணி நேரம், ரெண்டு வருஷம். இந்தக் கூட்டல் பெருக்கல் எல்லாம் அப்புறம் போட்டதுதான், அப்ப யாரு போட்டா.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் 'கீ...'ன்னு ஒரு சத்தம். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்னு நினைச்சேன். மொட்டை மாடிக்குப் போனேன், அங்கயும் வந்தது. காதைப் பொத்தினேன், இன்னும் நல்லா கேட்டது. அப்பதான் வயிற்றைப் பிசைஞ்சது.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஆடியோகிராம் எடுத்தார். கோடு நேரா போய்க்கிட்டே இருந்து 4000 ஹெர்ட்ஸ்ல மட்டும் ஒரு பள்ளம். இரைச்சலால் வர்ற பாதிப்பு பெரும்பாலும் அங்கதான் முதல்ல தெரியுமாம். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வேற ஒண்ணு தோணுச்சு. நான் வால்யூமை ஏத்தி ஏத்தித் தேடின அந்த 'டிக்' இருக்கிற இடமும் அதேதான். "இது திரும்ப வராதுப்பா, இருக்கிறதைக் காப்பாத்திக்கோ"ன்னார்.

அதுக்கப்புறம் ஹெட்போன் வாங்க எனக்கு ஒரே கேள்விதான்: குறைஞ்ச வால்யூம்ல இதில் எல்லாம் பிரிஞ்சு கேட்குதா?

பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் பதில் வேற வேற. வெளியில் போகும்போது இரைச்சலை அடைக்கிறதுதான் முக்கியம். காதுக்குள்ள போற இன்-இயர் போதும், ஆனா ரப்பர் முனை உங்க காது அளவுக்குச் சரியா உட்காரணும். பெட்டியில் மூணு சைஸ் கொடுத்திருப்பாங்க, முக்கால்வாசிப் பேர் மாட்டி வந்ததையே போட்டுக்கறாங்க. சரியா அடைச்சா 20 டெசிபல் வரைக்கும் வெளிச்சத்தம் குறையும். அடைக்கலைன்னா முதல்ல ஓடிப்போறது பேஸ்தான், அப்புறம் "இதில் பேஸே இல்லை"ன்னு ரிவ்யூ எழுதுவாங்க. நாய்ஸ் கேன்சலிங் இருந்தா இன்னும் நல்லது. இன்ஜின் உறுமல் மாதிரி தாழ்ந்த, விடாத சத்தத்தில்தான் அது நல்லா வேலை செய்யும். பஸ்ஸில் இருக்கிறதே அதுதானே.

வீட்டில் அமைதி இருந்தா ஓபன்-பேக். பின்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும், சத்தம் உள்ளயே முட்டி நிற்காது. செனைசர் எச்டி 600-ஐ நண்பன் வீட்டில் கேட்டேன். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருசா எதுவும் வராது, ஆனா ரெண்டு கிடாரும் இடது வலதுன்னு கோடு போட்ட மாதிரி நிக்குது. 300 ஓம், அதனால போனில் நேரா குத்தினா சில போன் திணறும். க்ளோஸ்டு வேணும்னா பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை நிறைய பேர் சொல்வாங்க. நல்ல ஹெட்போன்தான். ஆனா 8000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர் இருக்கு, சிம்பல் அடிச்சு நொறுக்குற ப்ளாக் மெட்டல் ஒரு மணி நேரம் கேட்டா எனக்குப் பல்லு கூசுது. உங்களுக்குக் கூசாம இருக்கலாம். சென்னை வெயிலில் எந்த க்ளோஸ்டு ஹெட்போனும் காதுக்கு ஸ்வெட்டர் போட்ட கதைதான், அது தனிக் கதை. கண்ணாடி போடறவங்க அதைப் போட்டுக்கிட்டே ட்ரயல் பாருங்க. ஃப்ரேம் இடைவெளியில் பேஸ் கசியும்.

கடையில் என்ன பாட்டு போட்டுப் பார்க்கறது? மெட்டாலிகாவோட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988. அதில் பேஸ் கிடாரை மிக்ஸிங்கில் கிட்டத்தட்ட காணாமலே பண்ணிட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். ஜேசன் நியூஸ்டெட் பாவம். அந்த ஆல்பத்தில் உங்க ஹெட்போன் புஷ்டியா பேஸ் கொடுத்தா, இல்லாததைத் தானா சேர்க்குதுன்னு அர்த்தம். வெச்சுட்டு வந்துடுங்க. அதே பேண்டோட 2008 'டெத் மேக்னட்டிக்'கை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. அந்த மாஸ்டரிங்கிலேயே சத்தத்தை உச்சத்துக்கு ஏத்தி நசுக்கி வெச்சிருக்காங்க, லட்ச ரூபாய் ஹெட்போன்லயும் அது கரகரன்னுதான் கேட்கும்.

தம்பி, உங்களுக்கு. மூவாயிரத்துக்கு ஓவர்-இயர் தேடாதீங்க, வயர் வெச்ச இன்-இயர் வாங்குங்க. அந்த விலையில் அதுதான் ஓரளவு நேர்மையா இருக்கும். இருக்கிற ஹெட்போனையும் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இருக்கு. 250 ஹெர்ட்ஸ் பக்கம் மூணு நாலு டெசிபல் இறக்கிப் பாருங்க. அதையே முதல்ல பண்ணுங்க, அப்புறமா காசு செலவு பண்ணலாம். சத்தம் பத்தலைன்னு தோணுச்சுன்னா முனையை மாத்துங்க, வால்யூம்ல கை வைக்காதீங்க.

எனக்கு அந்த 'கீ' இன்னும் இருக்கு. இந்த எபிசோடை ராத்திரி ரெக்கார்ட் பண்ணும்போதும் கேட்குது, மைக்கில்தான் வராது. அடுத்த மாசம் மறுபடி ஆடியோகிராம் எடுக்கப் போறேன். பள்ளம் அதே ஆழத்தில் இருக்கான்னு வந்து சொல்றேன்.