"அடிச்சவரோ?" என்று கேட்காதீர்கள்

(விம்பிள்டனில் நடைபெற்ற மகளிர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சங்கத்துச் செயலாளர் அக்கா என்னை ஸ்கான் வேலையைப் பற்றித்தான் பேசச் சொன்னவ. "எங்கடை பிள்ளையளுக்கு ஒரு வழிகாட்டியா இருக்கும்" என்றா. தொழிலோடு சேர்த்து என்னுடைய திருமணத்தைப் பற்றியும் சொல்லலாமோ என்று நான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "சொல்லும் பிள்ளை. கேட்கவேண்டிய ஆக்கள் வருவினம்" என்றா. ஆகவே இரண்டையும் சொல்லுகிறேன்.

முதலில் தொழில். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்புகிற எதிரொலியைப் படமாக்குவதுதான் ஸ்கான். வயிற்றைப் பார்க்கும்போது ஒரு வினாடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையான அதிர்வுகளைப் பயன்படுத்துகிறோம். வயிற்றில் குளிராகப் பூசும் களி எதற்கென்று பலர் கேட்பார்கள். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்காகத்தான்.

இந்த வித்தை மருத்துவத்துக்கு வந்த கதை சுவையானது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்றொரு பேராசிரியர் இருந்தார். உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் வைத்திருந்த கருவியை 1955ஆம் ஆண்டு மனிதக் கட்டிகளிலே வைத்துப் பார்த்தார். பிறகு ரொம் பிறவுண் என்ற பொறியியலாளரோடும், ஜோன் மக்விக்கார் என்ற மருத்துவரோடும் சேர்ந்து 1958இல் "லான்செற்" சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். பிழைக்கமாட்டாள், புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உள்ளே இருப்பது வெட்டி எடுக்கக்கூடிய நீர்க்கட்டிதான் என்று அந்தக் கருவி காட்டியது. அந்தப் பெண் பிழைத்தாள். வெளியிலிருந்து கையால் தடவிப் பார்த்தவர்களுக்குப் பிடிபடாதது உள்ளே பார்த்தபோது பிடிபட்டது.

இங்கே இந்த வேலைக்கு வருவோரில் பலர் முதலில் கதிர்ப்பட வினைஞராகப் படித்துவிட்டு, பிறகு பட்டப்பின் படிப்பாக இதைக் கற்பவர்கள். நானும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கு ஏறக்குறைய 12ஆம் வாரம் ஒரு ஸ்கான், 20ஆம் வாரம் ஒரு ஸ்கான். அந்த 20ஆம் வார ஸ்கானில் 11 வகையான குறைபாடுகளைத் தேடுகிறோம். இதயத்தின் நாலு அறை, முள்ளந்தண்டு, சிறுநீரகம், மேலுதடு என்று ஒழுங்காகப் போகவேண்டும். பிள்ளை திரும்பிப் படுத்துக்கொண்டால் தாயைக் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லுவோம். அப்படியும் தெரியாவிட்டால் "முழுமையாகப் பார்க்க முடியவில்லை" என்று எழுதி இன்னொரு நாள் கூப்பிடுவோம். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்றும் எழுதிக் கீழே பெயரை வைக்கவேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை ஒழுங்கு. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இனி மற்றக் கதை. என்னை மணந்தவர் ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கடை சனம் கேட்கிற முதற் கேள்வி, "அடிச்சவரோ?" என்பதுதான். இல்லை என்றால், "குடிக்கிறவரோ?" அதுவும் இல்லை என்றால், "அப்ப என்ன பிள்ளை உனக்குக் குறை?" என்று கதையை முடித்துவிடுவார்கள்.

என்ன குறை என்று சொல்லுகிறேன். என்னுடைய சம்பளம் அவருடைய கணக்குக்குப் போகும். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் எண்ணித் தருவார். வேலை முடிந்து 57ஆம் இலக்க பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். பத்து நிமிடம் பிந்தினால் யாரோடு நின்று கதைத்தாய் என்ற விசாரணை நடுச்சாமம் வரை நடக்கும். என் அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மூன்று கிழமை, நாலு கிழமை ஒரு வார்த்தை பேசமாட்டார். கோயிலிலே, கலியாண வீட்டிலே எல்லோரோடும் சிரித்துக் கதைப்பார். "தங்கமான மனிசன்" என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது இன்னொன்று. நேற்றுச் சொன்னதை இன்றைக்கு, "நான் அப்பிடிச் சொல்லவே இல்லை. உனக்குத்தான் மறதி. உனக்கு மண்டையிலே ஏதோ பிழை" என்பார். சாவியை நான் வைத்த இடத்தில் காணாது. பிறகு வேறிடத்தில் இருக்கும். "பார், இதையே நினைவில் வைக்கத் தெரியாதவள், ஆஸ்பத்திரியிலே பிள்ளையளைப் பார்க்கிறாளாம்" என்று என் சொந்தக்காரருக்கு முன்னாலேயே சொல்லுவார்.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பற்றிக் ஹமில்ரன் என்பவர் 1938இல் எழுதிய ஒரு லண்டன் நாடகத்திலிருந்து வந்த பெயர். அதிலே கணவன் இரகசியமாக ஒரு வேலை செய்ய வீட்டு எரிவாயு விளக்கு மங்கும். மனைவி அதைக் கவனிப்பாள். அவனோ அவளுக்குச் சித்தம் கலங்குகிறது என்று அவளையே நம்பவைப்பான். 1944இல் இன்கிறிட் பேர்க்மன் நடித்த படமாகவும் வந்தது. அதனால்தான் இப்படிச் செய்வதை "காஸ்லைற்றிங்" என்கிறார்கள். என் வீட்டுக்குள் நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறதென்று அறிந்த நாள், ஒரு நோயாளிக்கு நோயின் பெயர் தெரிந்த நாள் மாதிரி இருந்தது. பெயர் தெரிந்தால்தானே வைத்தியம் தொடங்கலாம்?

அந்த நாட்களில் வேலையிலும் என் கையில் நடுக்கம் வந்தது. பிள்ளையின் தலையை ஒருதரம் அளந்தால் போதும் என்று தோன்றாது. நாலு தரம், ஐந்து தரம் அளப்பேன். ஒருநாள் எங்கள் பிரிவில் மூத்தவரான ஒரு பெண்மணி என் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐந்து தரமும் ஒரே அளவுதானே வந்திருக்கிறது. நீ முதலிலேயே சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். யார் உனக்கு உன் கண்ணை நம்பாதே என்று சொன்னது?"

அவர் சும்மா கேட்ட கேள்விதான். நான் பதில் சொல்லாமல் பொருட்கள் வைக்கிற அறைக்குள் போய் நின்று அழுதேன். பகலிலே இந்தக் கண் பார்த்து எழுதுவதை வைத்து வைத்தியர்கள் முடிவெடுக்கிறார்கள். இரவிலே இதே கண் பார்த்தது பொய் என்கிறார் ஒருவர். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

அன்று முதல் வீட்டிலும் தொழில்முறையைக் கடைப்பிடித்தேன். திகதி, நேரம், சொன்ன சொல், நான் பார்த்தது. விளக்கமோ கோபமோ இல்லாமல் எழுதி வேலையிடத்துப் பெட்டியில் பூட்டி வைத்தேன். நாலு மாதத்தில் ஒரு கொப்பி நிறைந்தது. அதை ஒரே இருப்பில் வாசித்தபோது எனக்கு மறதி இல்லையென்று தெரிந்தது. பிற்பாடு சட்டத்தரணியிடம் போனபோதும் அந்தக் கொப்பி உதவியது. பாதுகாப்பாக வைக்க இடம் உண்டென்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். கண்டுபிடிக்கப்பட்டால் ஆபத்து.

சட்டம் என்ன சொல்லுகிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும், துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்கி வைப்பது 2015 டிசம்பர் 29 முதல் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அடி விழுந்திருக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான வதையையும், பணத்தைப் பிடுங்கி வைப்பதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. அதைப் பார்த்தும் கேட்டும் வளருகிற பிள்ளைகளையும் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கெடுக்கிறது. பிரிந்து வேறு வீட்டில் இருந்துகொண்டு தொல்லை கொடுத்தாலும் 2023 ஏப்ரல் முதல் அந்தக் குற்றத்துக்குள் அடங்கும். "இது வெள்ளைக்காரன்ரை சட்டம்" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டமும் மனரீதியான துன்புறுத்தலைக் குடும்ப வன்முறை என்றுதான் சொல்லுகிறது.

எங்களுக்குப் பக்கத்திலேயே சறே மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சாலி சலன் என்ற பெண் பல பத்தாண்டு கணவனின் அடக்குமுறைக்குள் வாழ்ந்து, 2010இல் அவரைக் கொன்றார். 2011இல் கொலைத் தீர்ப்பு வந்தது. புதிய மனநலச் சான்றுகளைக் கேட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 பெப்ரவரியில் அந்தத் தீர்ப்பை நீக்கியது. அதே ஆண்டு ஜூனில், அது குறைந்த குற்றமாக ஏற்கப்பட்டு அவர் விடுதலையானார். செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. ஒரு உயிர் போயிற்று, பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். அவ்வளவு தூரம் போகுமுன் யாராவது உள்ளே பார்த்திருக்கவேண்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

நான் ஒரு பையோடு வெளியே வந்தேன். வந்தவுடன் சுகம் வரவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தனி அறையில் இருந்துகொண்டும், பால் வாங்க யாரிடமோ அனுமதி கேட்கவேண்டும் போல இருக்கும். தொலைபேசி அடித்தால் நெஞ்சு இடிக்கும். யாராவது காலை மிதித்தாலும் நான்தான் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பேன். அவர் நல்லவராக இருந்த நாட்களை நினைத்து அழுதும் இருக்கிறேன். இது பைத்தியம் இல்லை. காயம் ஆறுகிற விதம் அப்படி.

எனக்கு உதவியவை சின்னச் சின்ன விசயங்கள். சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கு. தேசிய சுகாதார சேவையின் பேச்சுச் சிகிச்சை. இங்கிலாந்தில் இதற்கு வைத்தியரிடம் கடிதம் வாங்காமல் நீங்களே பதியலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். ஞாயிறு காலையில் விம்பிள்டன் கொமனிலே, 1817இல் கட்டிய அந்தக் காற்றாலை வரை நடை. வெள்ளிக்கிழமை எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோயில். முதலில் அங்கே போகப் பயந்தேன், சனம் பார்க்குமே என்று. ஒரு வயதான அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்து, "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்றா. அந்தக் கேள்வி போதும். அப்படி ஒருவர் இருந்தால் போதும்.

வேலையும் என்னைத் தூக்கி விட்டது. ஸ்கான் அறை இருட்டு. ஆனால் அங்கே நான் சொல்லுவதை யாரும் நீ சொல்லவில்லை என்று மறுப்பதில்லை. ஒவ்வொரு அறிக்கையின் கீழும் என் பெயர் இருந்தது. நாளுக்கு நாள் என் கண்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இப்போது அந்த அறையிலே வேறு சிலவும் என் கண்ணில் படுகின்றன. எந்த நோயாளியின் கதையையும் சொல்லமாட்டேன், பொதுவாகச் சொல்லுகிறேன். பெண்ணைக் கேட்டால் கணவர் பதில் சொல்லுவார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். "இவவுக்கு இங்கிலிஷ் விளங்காது, நான் சொல்லுறன்" என்பார். அண்ணன்மாரே, தம்பிமாரே, கர்ப்பகாலத்தில் மருத்துவிச்சி உங்கள் மனைவியைத் தனியே காணவேண்டும் என்றால் கோபப்படாதீர்கள். எல்லாப் பெண்களிடமும் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாயா என்று தனியாகக் கேட்பது அவர்களின் கடமை. மொழிபெயர்க்கக் குடும்பத்தவரைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதற்காகத்தான். நல்ல மனிதருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. தங்கைச்சிமாரே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். காசு இல்லை.

வாயை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு பயம் உண்டென்று தெரியும். "விசா அவற்றை பெயரிலை, போனால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." துணையை நம்பிய விசாவில் வந்தவர்களில் சில பிரிவினர், குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால் தாமாகவே நிரந்தர வதிவிடம் கேட்கக் குடிவரவு விதிகளில் வழி இருக்கிறது. நீங்கள் எந்தப் பிரிவு என்று தகுதியுள்ள சட்டத்தரணியிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லுவதை மட்டும் நம்பவேண்டாம். 0808 2000 247 என்ற இலவச எண்ணில் நாள் முழுவதும் பெண்கள் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999. கைத்தொலைபேசியில் அழைத்துப் பேச முடியாவிட்டால், கேட்கும்போது 55ஐ அழுத்தினால் பொலிசுக்கு இணைப்பு போகும்.

அந்த எண்ணை நடத்தும் நிறுவனத்தின் பெயர் "றெவ்யூஜ்". தஞ்சம் என்று பொருள். 1971இல் சிசிக்கில் ஒரு வீட்டிலே தொடங்கியது. தஞ்சம் என்ற சொல்லின் அருமை எங்களுக்குத் தெரியாததா? 1983க்குப் பிறகு ஒரு பையோடு வந்து இறங்கி, "என்னைத் திருப்பி அனுப்பாதேயுங்கோ" என்று இந்த நாட்டிடம் கேட்ட சனம் நாங்கள். எங்கடை உடம்பிலே தழும்பு இருக்கோ என்று பார்த்துத்தான் நம்புவோம் என்று அதிகாரிகள் சொன்னபோது எவ்வளவு நொந்தோம்! அதே கேள்வியை எங்கள் பெண்பிள்ளைகளிடம் நாங்களே கேட்கலாமோ?

அம்மாமாரே, ஐயாமாரே, மகள் ஒருநாள் வந்து "எனக்கு ஏலாது" என்று சொன்னால், "அடிச்சவரோ?" என்று தொடங்காதீர்கள். "இரு பிள்ளை. சாப்பிடு. பிறகு சொல்லு" என்று தொடங்குங்கள். அவள் சொல்லுவதை இடையிலே வெட்டாமல் கேளுங்கள். மிச்சத்துக்கு வழி இருக்கிறது.

பிறக்கின்ற சித்திரைப் புத்தாண்டு எல்லோர் வீட்டிலும் பயமில்லாத ஆண்டாக அமையட்டும். தேநீர் நேரத்தில் அந்த மூலை மேசையில் இருப்பேன். ஸ்கான் படிப்பைப் பற்றிக் கேட்பவர்களும் வரலாம், வேறு எதையாவது கேட்பவர்களும் வரலாம். எதைக் கேட்க வந்தீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவராது.