மறுத்தெழுதிய சுப்பராயனார்

(மல்லசமுத்திரத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஏரியைக் கடலாக்கிச் 'சமுத்திரம்' என வடசொல் ஒட்டிய ஊர்ப்பெயரைத் திருத்தும் வேலை இன்னொரு கூட்டத்திற்கு இருக்கட்டும். இன்றைய பேச்சு, அண்டையிலுள்ள குமரமங்கலத்துப் பெருநிலக்கிழார் ப. சுப்பராயனைப் பற்றியது.

1926 முதல் 1930 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்தவர் அவர். அரசுப் பணிகளில் வகுப்புரிமையை நடைமுறைக்குக் கொணர்ந்த முத்தையா முதலியார் அவர்தம் அமைச்சரவையினரே. தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயிற் கதவு திறக்க 1932-இல் சட்டமன்றத்தில் குரலெழுப்பியவரும் சுப்பராயனே. ஆயினும் தமிழுணர்வாளர் நெஞ்சில் அவர் பெயர் கசந்து நிற்பதற்குக் கரணியம் உண்டு.

1938-இல் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. அப்பொழுது கல்வித்துறை யார் கையில்? சுப்பராயன் கையில்! நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைப்பட்டு உயிரீந்தபொழுதும் அவர் அமைச்சராகவே இருந்தார். இதனை மூடி மறைத்துப் புகழ்பாடுவது தமிழர்க்கு அழகன்று.

ஆனால், அடுத்து நிகழ்ந்ததை மறைப்பதும் அழகன்று. 1955-இல் கேர் என்பார் தலைமையில் இந்திய அரசு ஆட்சிமொழி ஆணையம் அமைத்தது. மாநிலங்களவையில் இருந்த சுப்பராயனும் அதில் உறுப்பினர். பேராயக் (காங்கிரசு) கட்சிக்காரர். தலையசைத்துவிட்டு வந்திருந்தால் கேட்பார் யார்? அவர் அசைக்கவில்லை. 1956-இல் பெரும்பான்மையோர் அறிக்கைக்கு இசையாது தனியே மறுப்புரை எழுதினார். வங்கத்து மொழியறிஞர் சுனிதிகுமார் சாட்டர்சியும் அவ்வாறே எழுதினார். அவரும் முன்னர் இந்திக்கு இசைந்திருந்தவர் என்பது கருதத்தக்கது.

இந்தி பேசுவோரின் கண்கொண்டே அறிக்கை எழுதப்பட்டுள்ளது. உடனடி ஊதியமும் அவர்க்கே என்பதுதான் அம்மறுப்பின் உயிர்நிலை. எண்ணிப் பாருங்கள்! இவ்வூர்த் தறிகாரர் மகனும் பாட்னாக்காரர் மகனும் ஒரே தேர்வை எழுதுகின்றனர். அவனுக்கு அது தாய்ப்பால், இவனுக்கோ தலைச்சுமை. ஆங்கிலமே தொடர்தல் வேண்டும் என்றார் சுப்பராயன். அஃது இருவர்க்கும் அயன்மொழியன்றோ?

இந்தியை மறுப்பவன் நாட்டைப் பிளப்பவன் என்பது வடவரின் ஓயாக் கூச்சல். மறுப்பெழுதிய அவருடைய மகன்தான் படைத்தலைவர் குமாரமங்கலம்! இரண்டாம் உலகப் போரில் வடஆப்பிரிக்கக் களத்தில் பகைவரிடம் சிறைப்பட்டு மீண்டவர். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்கே தலைமை தாங்கியவர். கூச்சலிடுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

1957-இல் திருச்செங்கோட்டுத் தொகுதியினர் சுப்பராயனை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். மராட்டிய மாநில ஆளுநராயிருக்கையில் 1962 அக்தோபரில் அவர் மறைந்தார். ஆங்கிலம் தொடரலாம் என்னும் சட்டம் 1963-இல் வந்தது. அதற்கு உறுதி பெறவோ 1965-இன் மாணவர் எழுச்சி வேண்டியிருந்தது. 1967-இல்தான் சட்டம் திருந்திற்று. சுப்பராயனார் 1956-இல் எழுதியதைத் தில்லி அன்றே மதித்திருக்குமானால், கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964-இல் தம் உடலுக்குத் தீயிட்டுக் கொண்டிருக்க மாட்டார்.